பதினைந்து பார் பெட்டியை வாங்குவதற்கு முன்: மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு மடல்



ஓணத் தள்ளுபடி தொடங்கினால் தீபாவளித் தள்ளுபடி முடிகிற வரை எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "அண்ணா, வீட்டுக்கு ஒரு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" ஃபோர்ட் கொச்சியிலும் ஜூ டவுனிலும் கஃபே மெஷின்களைக் கழற்றி மாட்டிப் பிழைக்கிறவன் நான், என்னிடம் கேட்பதில் தப்பில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாமல்தான் இந்த மடல்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் வைத்திருக்கும் தொகையில் பாதியைக் கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கு ஒதுக்க மனம் வராவிட்டால், மெஷின் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு வருஷம் நல்ல காபிக்கொட்டை வாங்கிக் குடியுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் விற்பது மெஷினை.

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எஸ்பிரெஸோ என்றால் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும். வாசலுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பாய்லர், உஸ்ஸென்று சீறும் குழாய். பாலில் இன்ஸ்டன்ட் பொடியும் சர்க்கரையும் போட்டு, நீராவியை உள்ளே விட்டு நுரைக்க வைத்து, மேலே ஒரு சிட்டிகைப் பொடி தூவிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் இரண்டாம் முறையும் நிற்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்குக் கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பேன். ஆனால் கஃபேயில் குடித்துவிட்டு வந்து "அதே மாதிரி வீட்டிலும் வேண்டும்" என்று நீங்கள் கேட்பது வேறு சமாசாரம்.

அது என்ன என்று தெரிந்தால்தான் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை எடைபோட முடியும். டூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ 1884இல் நீராவியால் காபி இறக்கும் பெரிய இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா, ஒவ்வொரு கோப்பையாக அப்போதைக்கப்போது இறக்கித் தரும் இயந்திரத்துக்கு வாங்கினார். இரண்டிலும் தள்ளும் வேலையைச் செய்தது நீராவிதான். அதன் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார் இருந்தால் அதிகம். நீராவியைக் கூட்டினால் சூடும் கூடும், காபி கருகும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அக்கீல்லே காஜ்ஜா. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1948 வாக்கில், வில்லும் நெம்புகோலும் வைத்து நீரை எட்டொன்பது பார் அழுத்தத்தில் தள்ளும் மெஷின்களை அவர் கொண்டுவந்தார். காபியின் மேல் பொன்னிறமாகப் படியும் கிரீமா அப்போதுதான் முதன்முதலாகக் கோப்பைக்கு வந்தது. 1961இல் ஃபாயமா நிறுவனத்தின் இ-61 வந்து, நெம்புகோலின் இடத்தில் மின்பம்பை வைத்தது. இன்று நான் கழற்றும் கஃபே மெஷின்களில் பல அதன் பேரப்பிள்ளைகள்.

ஆக, கணக்கு இதுதான். 18 கிராம் பொடி, 90 முதல் 96 டிகிரி சூட்டில் நீர், 9 பார் அழுத்தம், 25 முதல் 30 விநாடி, கோப்பையில் சுமார் 36 கிராம் காபி. கொட்டைக்குக் கொட்டை கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவே.

தேவை 9 பார் என்றால் பெட்டியில் ஏன் 15 என்றும் 20 என்றும் போட்டிருக்கிறது? பம்பின் வாயை அடைத்துவிட்டால் அது எவ்வளவு தூரம் முட்டும் என்பதற்கான எண் அது. காபிப் பொடியின் மேல் விழ வேண்டியது 9தான். ஒழுங்கான மெஷினில் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு வைத்திருப்பார்கள். 20 பார் மெஷின் 15 பார் மெஷினைவிட உசத்தி என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

விலை குறைந்த மெஷின்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. பொடி போடும் சல்லடைக்கு அடியில் இரண்டாவதாக ஒரு தகடு, அதன் நடுவில் ஊசி முனை அளவு ஒரே ஓட்டை. பொடி எப்படி அரைபட்டிருந்தாலும் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சும்போது நுரை வந்துவிடும். பார்க்கக் கிரீமா மாதிரியே இருக்கும், குடித்தால் தெரிந்துவிடும். கிரைண்டர் இல்லாத வீட்டுக்கு இந்தச் சல்லடை உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் மெஷினைப் பார்க்கும்போது இரண்டாவது தகடு இல்லாத ஒற்றைச் சுவர்ச் சல்லடையும் கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், பின்னாளில் நல்ல கிரைண்டர் வாங்கினாலும் அந்த மெஷினில் முன்னேற வழி இல்லை.

சரி, கிரைண்டருக்கு வருவோம். நம் பாட்டிமார் வீடுகளில் மேஜை விளிம்பில் திருகி மாட்டிய கைமெஷின் ஒன்று இருந்தது. கொட்டையை வாணலியில் வறுத்து, அதில் போட்டுச் சுற்றி, சூடு ஆறுவதற்குள் பில்டரில் போட்டார்கள். கடையில் பொடி வாங்கும் வசதி வந்ததும் அது பரணுக்குப் போனது. எஸ்பிரெஸோ மறுபடி அதே இடத்துக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீரை அரை நிமிடம் தடுத்து நிறுத்துவது பொடியின் நைஸ் மட்டும்தான். ஒரு நூல் கொரகொரப்பாக இருந்தால் பத்து விநாடியில் புளித்த தண்ணீராக ஓடிவிடும். ஒரு நூல் நைஸாகிவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசந்து வடியும். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவும் பாதி ரவையும்தான் கிடைக்கும். பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டையை நொறுக்கும் பர் கிரைண்டர் வேண்டும். அதிலும் அளவை நூலிழையாக மாற்றக்கூடியது வேண்டும். மின்சாரக் கிரைண்டருக்குப் பணம் போதாவிட்டால் நல்ல கைக்கிரைண்டர் வாங்குங்கள். அதே விலைக்கு வரும் மின்சாரக் கிரைண்டரைவிட அது நன்றாக அரைக்கும். 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம் போலப் பிடிக்கும், கை கொஞ்சம் வலிக்கும்.

இனி நான் சொல்லப்போவது நமக்கு மட்டுமான எச்சரிக்கை, தமிழ் வீடுகளில்தான் இது நடக்கிறது. பில்டருக்கு வாங்கிய சிக்கரி கலந்த பொடியை மெஷினில் போடாதீர்கள். போன மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு மெஷினுக்கு வேறு வியாதியே இல்லை; சல்லடை முழுக்கச் சிக்கரிப் பிசின். பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க நம் உணவுச் சட்டம் அனுமதிக்கிறது. எவ்வளவு என்பது பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். பில்டரில் டிகாக்ஷன் மெதுவாகத் தானாக இறங்குவதால் சிக்கரி அங்கே கெட்டியும் நிறமும் கொடுக்கும். அழுத்தத்தில் இறக்கும் மெஷினில் அது ஊறிக் களியாகி அடைத்துக்கொள்ளும். கெட்டித்தன்மைதான் வேண்டுமென்றால் ரொபஸ்டா கலந்த கொட்டையை வாங்குங்கள்.

அதற்கு நாம் தூரம் போக வேண்டியதே இல்லை. கேரளத்துக் காபியில் பெரும்பங்கு வயநாட்டு ரொபஸ்டா. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கிரீமா தடிமனாக வருவது ரொபஸ்டாவில்தான். காபீனும் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தியக் காபியை வெளிநாடுகளில் அதிகமாக வாங்குகிற நாடு இத்தாலி. நம் மலைக் கொட்டையை அவர்கள் தங்கள் எஸ்பிரெஸோவில் கலந்து குடிக்கிறார்கள்; நாமோ இத்தாலிய டின்னுக்கு நாலு மடங்கு விலை கொடுத்து, கப்பலில் வந்து வாடிப்போன பொடியை வாங்குகிறோம். மான்சூன் மலபார் என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். கடல் ஈரத்தில் கொட்டை ஊதி, வெளுத்து, புளிப்பு செத்துவிடும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பலும் வந்த பிறகு கொட்டை பச்சை மாறாமல் போய் இறங்கியது. பழைய ருசி எங்கே என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். அதனால் மங்களூர்ப் பக்கம் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்றில் வேண்டுமென்றே ஊற வைக்க ஆரம்பித்தார்கள். பாலோடு குடிக்கிறவர்களுக்கு ஏற்ற கொட்டை, புளிப்பே இருக்காது. பீபெரி, பிளான்டேஷன் ஏ என்று பழகிய நாக்குக்கு முதலில் கொஞ்சம் விநோதமாகப் படலாம்.

கொட்டை எதுவானாலும் பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்க வேண்டும். வறுத்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கால் கிலோவுக்கு மேல் ஒரேயடியாக வாங்காதீர்கள். எடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் நம் ஊரில் அப்பளமே டப்பாவுக்குள் நமத்துப் போகிறது, கொட்டை எம்மாத்திரம்? மழைக்காலத்தில் நேற்றைய அளவிலேயே அரைத்தாலும் இன்று இறங்கும் வேகம் மாறியிருக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று எனக்கு போன் போடாமல் கிரைண்டரை ஒரு புள்ளி திருப்பிப் பாருங்கள்.

இப்போது வீட்டைப் பாருங்கள். எத்தனை பேர், எப்போது, எதைக் குடிக்கிறார்கள்? விடிகாலை ஆறு மணிக்கு ஆறு டம்ளர் காபி வேண்டும் என்கிற வீட்டில் எஸ்பிரெஸோ மெஷின் பில்டரின் வேலையைச் செய்யவே செய்யாது. அரைத்து, அமுக்கி, இறக்கி, பாலை நுரைத்து, குழாயைத் துடைத்து முடிக்க ஒரு கோப்பைக்கு நாலைந்து நிமிடம். ஆறாவது ஆள் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அது மாமனாராக இருந்தால் வீட்டில் அன்றைக்கு வேறு கதை. பில்டரில் ராத்திரியே போட்டு வைத்த டிகாக்ஷன் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கலந்து முடியும்.

சூடும் ஒரு பிரச்சினை. கஃபேயில் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்திவிடுவார்கள்; அதைத் தாண்டினால் நுரை உடையும், பாலின் இனிப்பும் குறையும். டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய நம் பெரியவர்கள் அதை வாயில் வைத்ததும் "ஆறிப்போன காபியை ஏன்டா கொடுக்கறே?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அவர்களுக்கு பில்டர் காபியே இருக்கட்டும். மெஷின் வாங்குவதால் பில்டரைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒருவரோ இருவரோ மட்டும் குடிக்கும் வீடு என்றால் வகைகளைப் பார்க்கலாம். ஐயாயிரம் ரூபாய்ப் பக்கம் கிடைக்கும் நீராவி மெஷின்களை விட்டுவிடுங்கள். பெட்டியில் எஸ்பிரெஸோ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 1901இன் சங்கதி. அந்த ருசி போதுமென்றால் பியாலெட்டி 1933இல் கொண்டுவந்த மோக்கா குடுவை அதைவிட மலிவு. கேஸ் அடுப்பில் வைத்தால் வேலை முடிந்தது. இண்டக்ஷன் அடுப்பானால் எவர்சில்வர் குடுவையாகப் பார்த்து வாங்க வேண்டும், அலுமினியம் சூடேறாது. பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கும் பாதிப் பேருக்கு இந்தக் குடுவையே போதும் என்பது என் அபிப்பிராயம். மெஷின் கம்பெனிக்காரர்கள் என்னை அடிக்க வரலாம்.

கொட்டையைக் கொட்டிப் பட்டனை அமுக்கினால் எல்லாம் தானே செய்யும் முழுத் தானியங்கிகளை நான் நம் ஊருக்குப் பரிந்துரைப்பதில்லை. உள்ளே ஒரு சக்கைப் பெட்டி இருக்கிறது. நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் கொச்சி ஈரத்தில் அதில் பூஞ்சை மெத்தை விரித்திருக்கும். தினமும் கழுவிக் காயவைக்கிற கை வீட்டில் இருந்தால் வாங்குங்கள்.

கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கு ஒற்றைப் பாய்லர் மெஷின் நல்லது. காஜ்ஜா கிளாசிக், ரன்சீலியோ சில்வியா போன்றவை பல வருஷமாக அதே அமைப்பில் வருவதால் கழற்றுவதும் சுலபம், கேஸ்கெட் முதலான உதிரிகளும் கிடைக்கும். பொடி போடும் கைப்பிடி 58 மில்லிமீட்டர் அளவு. கஃபே மெஷின்களின் அளவும் அதுவே. ஒரே பாய்லர் என்பதால் காபி இறக்கிய பின் நீராவிக்குச் சூடேறும் வரை நிற்க வேண்டும். வெப்பநிலையை நிலையாகப் பிடித்து வைக்கும் பிஐடி வசதி இருந்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம், வண்ணத்திரைக்குக் கொடுக்காதீர்கள். பாலே சேர்க்காமல் குடிக்கிற ஒற்றை ஆளுக்கு, பம்பும் மின்சாரமும் இல்லாமல் கையால் அழுத்தும் நெம்புகோல் மெஷினைச் சொல்வேன். வெந்நீரை மட்டும் தனியாகக் கொதிக்க வைத்துக்கொள்ள வேண்டும். அதில் கெட்டுப்போக ரப்பர் வளையத்தைத் தவிர ஏதுமில்லை. என் தொழிலுக்கு நல்லதல்ல, உங்களுக்கு நல்லது.

மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். நம் கிணறுகளில் கடல் ஏறியிருக்கிறது. உப்பு, பாய்லரை உள்ளிருந்து அரித்துவிடும். வாட்டர் அத்தாரிட்டி குழாயில் வருவது ஆற்று நீர், அதைக் கார்பன் ஃபில்டரில் குளோரின் போக்கிவிட்டுத் தாராளமாக ஊற்றலாம். சிக்கல் குழாய் நின்றுபோகும் நாட்களில்தான். 2023 தொடக்கத்தில் பாழூர் பம்ப் பழுதாகி மேற்குக் கொச்சி முழுக்க லாரித் தண்ணீருக்கு நின்றது ஞாபகம் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அந்தத் தண்ணீரை மெஷினில் ஊற்ற வேண்டாம். ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் நல்லதல்ல: தாது ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், உலோகத்தையும் அது அரிக்கும். சில மெஷின்களில் தண்ணீர் இருப்பதையே சென்சார் கண்டுகொள்ளாது. தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுவை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். 75 முதல் 150 வரை காட்டினால் தைரியமாக ஊற்றுங்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். 1,450 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம் பழைய வீடுகளில் சமையல்மேடைக்கு மேலே இருக்கும் சின்ன பாயிண்டில் மாட்டினால் முதலில் சுவிட்ச் கருகும். மிக்ஸி பாயிண்ட் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும் கேட்காதீர்கள். 16 ஆம்பியர் பாயிண்டை எர்த்தோடு போடச் சொல்லுங்கள்.

துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவரும் மெஷின்கள் பிளக்கை மாற்றினால் ஓடும். அமெரிக்காவிலிருந்து வருவதுதான் வம்பு. அது 120 வோல்ட் மெஷின். நேரே மாட்டினால் அன்றோடு சரி. டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அங்கே 60 சுழற்சிக்குச் செய்த அதிர்வு பம்ப் இங்கே 50இல் மெதுவாக அடிக்கும். பிள்ளைகள் அங்கிருந்து வரும்போது கைக்கிரைண்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு எந்த நாட்டு மின்சாரமும் வேண்டாம், பெட்டியில் இடமும் அடைக்காது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் நுரைத்ததும் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் பால் உள்ளே ஏறிக் கெட்டுப்போகும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீரை ராத்திரியே கொட்டுங்கள். நம் உப்புக்காற்றில் அடிச்சட்டம் இரும்பாக இருந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பணம் கட்டுவதற்கு முன் கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: கேஸ்கெட் போனால் எர்ணாகுளத்தில் யார் மாற்றித் தருவார்கள்? "கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க" என்பது பதில் இல்லை. இடமும் ஆளும் சொல்லத் தெரியாத கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆசைப்பட்டு வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துப்போய்ப் பரணில் ஏற்றிய மெஷின்கள் நம் தெருக்களிலேயே பல இருக்கின்றன. அவற்றைப் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடைக்குத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரப்பர் கேஸ்கெட்டும் ஒரு முறை சிட்ரிக் ஆசிட் கழுவலும் தவிர வேறு வைத்தியம் தேவைப்படாது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அந்த மெஷினை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் கிரைண்டர் வாங்குங்கள். கேஸ்கெட் மாற்ற என்னிடம் கொண்டுவந்தால் கூலி வாங்க மாட்டேன், கேஸ்கெட்டின் விலையை மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் காபி மெஷின் ரிப்பேர்காரன்,
மட்டாஞ்சேரி